யந்திர அறிவும் மனிதத் திறமும்

தொழிலின்பொருட்டுக் கல்வி கற்கும் இளைஞரை இக்காலத்தில் ஓர் அச்சம் பற்றியுள்ளது. கடிதம் வரைதல், கணக்கெழுதுதல், கணினிக்குக் கட்டளை அமைத்தல் முதலியவற்றைச் செயற்கை நுண்ணறிவு சில நொடியில் முடிக்குமாயின், நாம் கற்பது எதற்கு என்பதே அது. இராமநாதபுரக் கடற்கரையில் வாழும் நாம் இதற்கு விடைதேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை.

1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலத்தைக் கப்பல் செல்லும்போதெல்லாம் தொழிலாளர் தம் கைவன்மையால் நெம்பித் திறந்தனர். 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்திலோ, 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதியை மின்விசையே மேலெழுப்புகின்றது. கைவேலை போயிற்று, இதனை மறுப்பார் இலர். ஆயின், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துப் பழைய பாலத்தையும் சிதைத்தபோது நிகழ்ந்ததையும் நினைத்தல் வேண்டும். அதனைச் செப்பனிடும் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்புவிக்கப்பெற்றது. மூன்று மாதத் தவணையிருக்க, 46 நாட்களில் வேலை முடிந்தது. கடலுள் வீழ்ந்த இரும்பு உத்தரங்களை மீட்டு நிறுத்தியது கணக்கறிவு மட்டுமன்று. பலரை ஒருமனப்படுத்தி வேலைகொள்ளும் திறமும், பொறுப்பைத் தானே ஏற்கும் துணிவுமாம்.

இன்னுமொன்று. இராமேசுவரத்துத் தொடக்கப்பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். மாணவர் விளங்கவில்லை என்றனர். அவர் சினவாது, அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளையே காட்டினார். அம்மாணவருள் ஒருவரே பின்னாளில் குடியரசுத் தலைவராய் விளங்கிய அப்துல் கலாம். படமும் விளக்கமும் இன்று யந்திரமும் தரும். மாணவரின் முகக்குறியையும் அஃது ஒருநாள் உணரும் என்பார் உளர். உணரலாம், ஆயின் அம்மாணவனது வாழ்வுக்கு விடையிறுக்கும் கடப்பாடு அதற்கில்லை.

யந்திரத்தை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. அதனைக் கையாளக் கல்லாதவர் பின்தங்குவர். மீன் மிகும் இடங்களைச் செயற்கைக்கோள் கொண்டறிந்து கூறும் அறிவிப்புகள் இன்று நம் மீனவர்க்குக் கிடைக்கின்றன. எனினும், உடன்வருவோரின் உயிரை எண்ணிப் படகைச் செலுத்துவதா நிறுத்துவதா எனத் துணிபவர் படகோட்டியே.

ஆதலின் நம் கலாசாலைகள் எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் மீனவர் சங்கத்திலோ, மருத்துவமனையிலோ, தொடக்கப்பள்ளியிலோ ஒரு பருவம் பணிசெய்து, பிறர் குறை கேட்டு, அதனைத் தீர்க்க முயலுதற்கும் மதிப்பெண் வழங்குதல் வேண்டும். இதற்குப் பொழுதில்லை என்பது பொருந்தாது. யந்திரம் செய்யும் வேலையை மனப்பாடஞ் செய்விக்கும் பொழுதையே இதற்கு மாற்றலாம். யந்திரம் மிச்சப்படுத்தும் காலத்தை மனிதரை அறிவதிற் செலவிடுவதே இனித் தொழிற்கல்வி என்பது எமது துணிபு.