விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லையா?

நாளை தேர்வு. இரவு படித்துக்கொண்டிருக்கும்போது அறை விளக்கு அணைந்துவிடுகிறது. விசையை நான்கைந்து முறை தட்டிப் பார்க்கிறீர்கள், பயனில்லை. "அப்பா!" என்று கூப்பிடுகிறீர்கள். அப்பா புதிய மின்குமிழ் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறார். பழுது குமிழில்தான் என்று அவருக்கு யார் சொன்னது?

ஓமின் விதியை வைத்துக் கணக்குப் போடத் தெரிந்த மாணவர்கள் பலருக்கு, வீட்டின் மின்விநியோகப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். பழுதைத் தேடுவதும் அறிவியல்தான். அதற்கு முதலில் வேண்டியது திருப்புளி அல்ல, கேள்வி.

பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு வாருங்கள். எதிர்வீடும் நடைபாதையும்கூட இருண்டிருக்கின்றனவா? அப்படியானால் பழுது உங்கள் வீட்டில் இல்லை. வீட்டில் சில விளக்குகள் மட்டும் அணைந்திருக்கின்றனவா? அந்தச் சுற்றுக்கான துண்டிப்பான் பெட்டியில் இறங்கியிருக்கலாம். அதை ஒருமுறை மேலே ஏற்றலாம். மீண்டும் இறங்கினால் விட்டுவிடுங்கள். அது உங்களை எச்சரிக்கிறது. ஒரே ஒரு விளக்குதான் எரியவில்லையா? வீட்டு விளக்குகள் இணைச் சுற்றில் இருப்பதால், பழுது அந்த விளக்கிலோ, அதன் விசையிலோ, கம்பியிலோ இருக்க வேண்டும்.

இப்போது பெரியவர் ஒருவரின் துணையோடு, பெட்டியில் அந்தச் சுற்றை அணைத்து, குமிழ் ஆறிய பிறகு, வேறு அறையில் எரிந்துகொண்டிருந்த அதே வகைக் குமிழை மாட்டிப் பாருங்கள். புதுக் குமிழைவிட, எரிவதை நீங்களே கண்ட குமிழ்தான் நம்பகமானது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருப்பதுதானே ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனை? குமிழைக் கழற்ற முடியாத எல்இடி விளக்கு என்றால் இதைச் செய்ய வேண்டாம்.

அப்போதும் எரியவில்லையா? கை அங்கே நின்றுவிட வேண்டும். ஏன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்னோட்டம் லைவ் கம்பி வழியே வந்து, விளக்கைக் கடந்து, நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. நியூட்ரல் எங்கோ அறுந்திருந்தால் சுற்று முழுமையடையாது, விளக்கு எரியாது. ஆனால் 230 வோல்ட் விளக்கு வரை வந்து காத்துக்கொண்டிருக்கும். அங்கே விரலை வைத்தால், மின்சாரம் உங்கள் உடல் வழியே தரைக்குப் பாதை தேடும். விசையைத் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் பொருத்தியிருந்தாலும் ஆபத்து இதேதான். சுவர் விசையை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை போதாது.

துண்டிப்பான் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். விளக்குச் சுற்றுக்குரிய துண்டிப்பான் பொதுவாக 6 அல்லது 10 ஆம்பியர் அளவுடையது. அது கம்பிகளைக் காப்பது, உங்களை அல்ல. உங்களுக்கான காவல், ஆர்சிசிபி எனப்படும் கசிவுமின் துண்டிப்பான். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே, அதாவது 10 ஆம்பியரில் முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே, அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆனால் ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், போன மின்னோட்டம் அப்படியே திரும்பிவிடுவதால் அதற்கும் வேறுபாடு தெரியாது.

சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி கட்டாயம். 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் தாத்தா பாட்டி பழைய வீட்டில் வசிக்கிறார்களா? அடுத்த முறை போகும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள்.

"மின்சாரத்தில் கை வைக்காதே" என்று பெற்றோர் சொல்வது சரியே. கம்பி வேலை, உரிமம் பெற்ற மின்பணியாளருக்குரியது. ஆனால் "தொடாதே" என்பது "யோசிக்காதே" என்று ஆகிவிடக் கூடாது. அவர் வந்ததும், "மற்ற விளக்குகள் எரிகின்றன, துண்டிப்பான் இறங்கவில்லை, எரியும் குமிழை மாட்டியும் பார்த்தோம்" என்று சொல்லுங்கள். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.