கடற்கன்னிக்கு என்ன பெயர் சூட்டலாம்?

நுழையும்முன்

கதை எழுதுவோர் கதைமாந்தருக்குப் பெயர் சூட்டுவதும் படைப்பின் ஒரு பகுதியே. கடலில் வாழும் கற்பனை மாந்தருக்கு எத்தகைய பெயர் பொருந்தும் என்பது பற்றி ஆசிரியர் ஒருவர் தம் கருத்தை இக்கட்டுரையில் முன்வைக்கிறார். அவர் கூறும் காரணங்களுள் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை மறுக்கிறீர்கள் என்று எண்ணியவாறே படியுங்கள்.



'கடலடியில் ஓர் உலகம்' என்னும் தலைப்பில் கதை எழுதுமாறு கூறினால், உங்களுள் பலர் முதல் பத்தியிலேயே ஒரு கடற்கன்னியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறீர்கள். அவளுக்கு நீண்ட கூந்தல் உண்டு. பொன்னிறச் செதிள்கள் உண்டு. பவள மாளிகையும் உண்டு. பெயர் மட்டும் பெரும்பாலும் 'ஏரியல்' என்றே அமைகிறது. தமிழ்ப்பெயர் சூட்டலாமே என்று கேட்டால், 'அது பொருந்தாது', 'பாட்டியின் பெயர்போல இருக்கும்' என்னும் விடைகள் வருகின்றன. இவ்விடைகளை என்னால் ஏற்க இயலவில்லை. கடல்வாழ் கற்பனை மாந்தருக்குத் தமிழ்ப்பெயர் நன்றாகவே பொருந்தும். ஆயினும் தமிழ்ச்சொல்லாக இருப்பதனாலேயே ஒரு பெயர் சிறந்துவிடாது. பெயரைத் தாங்கி நிற்க ஒரு கதை வேண்டும். இதுவே என் கருத்து.

முதலில் 'ஏரியல்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஆன்சு கிறித்தியன் ஆண்டர்சன் தம் புகழ்பெற்ற கடற்கன்னிக் கதையை 1837ஆம் ஆண்டு வெளியிட்டார். அக்கதையின் தலைவிக்கு அவர் பெயரே சூட்டவில்லை. 1989ஆம் ஆண்டு வெளிவந்த டிஸ்னி திரைப்படமே அவளை ஏரியல் ஆக்கியது. அச்சொல் எபிரேய மொழிக்கு உரியது. 'இறைவனின் சிங்கம்' என்பது அதன் பொருள். ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்தில் வரும் காற்றுத் தேவனின் பெயரும் அதுவே. சிங்கத்தையும் காற்றையும் குறித்த ஒரு சொல் இன்று கடலை நினைவூட்டுகிறது என்றால், அதற்குக் காரணம் அதன் அகராதிப் பொருள் அன்று, கதையே. ஒரு சிங்கப் பெயர் கடலுக்குப் பொருந்துமாயின், நம் மொழியின் பெயர்கள் பொருந்தா என்று எவ்வாறு கூறுவது?

இதற்கு நம் இலக்கியத்திலேயே தக்க சான்று உண்டு. கடலில் செல்வோரைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கோவலனின் முன்னோர் ஒருவர் சென்ற கலம் கடலில் உடைந்தது. அலைகளிடையே நீந்தித் தவித்த அவரை இத்தெய்வம் காப்பாற்றியது. தலைமுறைகள் கடந்த பின்னும் கோவலன் அந்நன்றியை மறக்கவில்லை. மாதவி பெற்ற மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரையே சூட்டச் செய்தான். சிலப்பதிகாரம் கூறும் இச்செய்தியை எண்ணிப் பாருங்கள். 'மணிமேகலை' என்பதற்கு மணிகள் பதித்த இடையணி என்பதே பொருள். கடலோ அலையோ மீனோ அச்சொல்லில் இல்லை. எனினும் கோவலன் குடும்பத்தார் அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், ஒருவர் கடலில் விழுந்ததும் கரை சேர்ந்ததும் நினைவுக்கு வந்திருக்கும். அப்பெயர் ஒரு நன்றிக்கடன். பின்னர், மணிமேகலைக் காப்பியத்தில் அத்தெய்வமே அப்பெண்ணை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது.

இப்பெயர் தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. பாலி மொழியிலுள்ள புத்த சாதகக் கதைகளில், கடலில் தத்தளித்த மகாசனகன் என்னும் இளவரசனைக் காப்பவளும் இவளே. தாய்லாந்தில் இவள் 'மேக்கலா'. கம்போடியாவில் 'மோனி மேகலா'. அந்நாட்டு மக்கள் மின்னலை இவள் கையிலுள்ள மணியின் ஒளி என்றும், இடியை இவளைத் துரத்தும் அரக்கனின் கோடரி ஒலி என்றும் கதை கூறுகின்றனர். மேற்குப் பசிபிக் கடலில் தோன்றும் புயல்களுக்குச் சூட்டத் தாய்லாந்து அளித்த பெயர்களுள் 'மேக்கலா'வும் ஒன்று. கடல் கடந்தபோது பெயரின் ஒலி சிறிது மாறியது. அணிந்திருந்த ஆடையும் மாறியது. கதை உடன் சென்றதால் அவள் யார் என்பது மட்டும் மறையவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

அடுத்து, உங்கள் கதைகளில் சில, தலைவியை இறுதிவரை 'கடற்கன்னி' என்றே அழைக்கின்றன. கடற்கன்னி என்பது இனப்பெயர். ஒரு பெண்ணை நாள் முழுவதும் 'மாணவியே, மாணவியே' என்று அழைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? ஆண்டர்சன் பெயர் சூட்டாமல் விட்டது வேறு. அக்கதைத் தலைவி தன் குரலையே இழந்தவள். பெயரின்மை அவள் துயரத்தோடு ஒத்துப்போகிறது. நீங்கள் அவ்வாறு எண்ணித் தவிர்த்தால் தவறில்லை. எண்ணாமல் விடுவதே குறை.

பெயர் தேடப் புறப்பட்டால், கடலைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களின் வளம் வியப்பளிக்கும். பரந்து கிடப்பதால் பரவை. பேரொலி உடையதால் ஆர்கலி. அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால் புணரி. ஆழம் உடையதால் ஆழி. அலைக்குத் திரை என்றும் கடற்பெருக்குக்கு ஓதம் என்றும் பெயர். முத்துக்கு நித்திலம், தரளம்; பவளத்துக்குத் துகிர். கிழக்கிலிருந்து வீசும் காற்று கொண்டல்; வடக்கிலிருந்து வீசுவது வாடை. இவற்றுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டிவிடக் கூடாது. பாத்திரத்தின் இயல்பை முதலில் முடிவு செய்யுங்கள். ஓயாமல் பேசும் சிறுவனுக்கு 'ஆர்கலி' பொருந்தும். அமைதியும் பொறுமையும் உடைய மூதாட்டிக்குப் 'பரவை' பொருந்தும். எப்போதும் எதிரெதிராக நடக்கும் இரட்டையருக்கு 'இடம்புரி', 'வலம்புரி' என்னும் சங்கின் பெயர்கள் எவ்வளவு அழகாக அமையும்! பரவை என்பது பெண்ணுக்கு வழங்கிய பெயரே. சுந்தரர் மணந்த திருவாரூர்ப் பரவையாரைப் பெரியபுராணம் போற்றுகிறது.

'நாங்கள் இருப்பதோ பலமனேர். இங்குக் கடல் எங்கே?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இவ்வூர் கடல்மட்டத்திற்கு 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள மேட்டுநிலம். கடற்கரைக்குச் செல்ல 150 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். ஆயினும் கடல் நமக்கு முன்பே இங்கு வந்துவிட்டது. முத்து, முத்தம்மாள், முத்துலட்சுமி என்னும் பெயருடையோர் உங்கள் உறவினருள் எத்தனை பேர்? தெலுங்குச் சிற்றூர்களில் முத்யாலம்மன் கோயில்களைக் காண்கிறோம். கடலையே காணாத எத்தனையோ பேர் கடலடியில் விளைந்த முத்தைப் பெயராகச் சுமக்கின்றனர். மேலும், தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான கடற்சொற்கள் பல. நாம் 'கடல்' என்பதைத் தெலுங்கர் 'கடலி' என்பர். அலையை 'அல' என்பர். முத்தை 'முத்யம்' என்பர். 'கடலி' என்று ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்தால், உங்கள் தெலுங்குத் தோழியும் அதைத் தன் மொழிப் பெயராகவே கேட்பாள். இரு வீட்டாரும் உறவு கொண்டாடும் பெயர் அது.

அப்படியானால், தோழர்கள் ஒலிக்க இயலாத பெயர்களைத் தவிர்த்துவிட வேண்டுமா? 'ஆழி' என்னும் பெயரைப் பாருங்கள். இக்காலத் தெலுங்கில் ழகரம் இல்லை. ஆகவே அது 'ஆளி' ஆகிவிடும். ஆளி என்றால் தமிழில் சிங்கம் போன்றதொரு விலங்கு, கடல் சிங்கமாகிவிடும்! இதற்கு அஞ்சியே சிலர் ழகரப் பெயர்களைக் கதையில் சேர்ப்பதில்லை. உங்களுள் சிலர் ழகரம் உள்ள சொந்தப் பெயரையே சுருக்கி, ஒலிக்க எளிதான வேறொன்றைக் கூறிக்கொள்வதையும் நான் அறிவேன். இங்கு ஒரு வேறுபாட்டை நீங்கள் உணர வேண்டும். நண்பரோடு பகிர்ந்துகொள்ளும் மகிழ்ச்சியில் 'கடலி' என்று பெயர் வைப்பது நட்பு. கேலிக்கு அஞ்சி 'ஆழி'யை மறைப்பது இழப்பு. நாம் தெலுங்குப் பெயர்களையும் ஆங்கிலப் பெயர்களையும் முயன்று சரியாக ஒலிக்கக் கற்கிறோம். நம் பெயரையும் பிறர் கற்பர். நாம் பொறுமையோடு ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவே. முயன்ற பின்னும் ஒலி சற்றே மாறுமாயின், மேக்கலாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எளிமையும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வட இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்காக 13 நாடுகள் நாட்டுக்கு 13 வீதம் அளித்த 169 பெயர்கள் 2020ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. பெயர் குறுகியதாக, எளிதில் ஒலிக்கத்தக்கதாக, எட்டு ஆங்கில எழுத்துகளுக்கு மிகாததாக, எவர் மனத்தையும் புண்படுத்தாததாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இந்தியா அளித்த பட்டியலில் 'முரசு', 'நீர்' என்னும் சொற்கள் உள்ளன. அழிவு தரும் புயலுக்கே இவ்வளவு எண்ணிப் பெயர் சூட்டுகின்றனர். கதையில் தீயவனாக வரும் கடலரக்கனுக்குப் பெயர் வைக்கும்போதும் இவ்விதியைப் பின்பற்றுங்கள். அவனது நிறத்தையோ உடற்குறையையோ பெயராக்காதீர்கள். உங்கள் கதையைப் படிக்கும் ஒரு குழந்தைக்கும் அதே நிறம் இருக்கக்கூடும். அவன் செய்யும் தீமையைக் கொண்டு பெயர் அமையுங்கள். 'வலையறுப்பான்' என்றால் போதாதா?

இறுதியாக, உண்மையான கடலையும் சிறிது அறிந்துகொள்ளுங்கள். 1493ஆம் ஆண்டு கொலம்பசு கடலில் மூன்று கடற்கன்னியரைக் கண்டதாகவும், ஓவியங்களில் உள்ள அளவுக்கு அவர்கள் அழகாக இல்லை என்றும் குறித்தார். அவர் கண்டவை கடற்பசுவின் உறவினமான விலங்குகளாக இருக்கலாம் என்பர். நம் பாக் விரிகுடாவிலும் கடற்பசு வாழ்கிறது. கடற்புல்லை மேய்ந்து, கன்றுக்குப் பாலூட்டி, மூச்சுவிட மேலே வரும் சாதுவான விலங்கு அது. மீனவர் அதனை 'ஆவுளியா' என்பர். அதன் பாதுகாப்புக்காகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. 'ஆவுளியா' என்னும் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்தத் திரைப்படப் பெயருக்கு அது குறைந்தது? கடலோடு வாழும் மக்கள் சூட்டிய பெயர். இன்னும் எவரும் கதையாக்கக் காத்திருக்கும் பெயர்.

எனவே, மாணவர்களே, அடுத்த கதையை எழுதும்போது பெயரைக் கடைசியில் ஒட்டாதீர்கள். உங்கள் கடற்கன்னி யாரைக் காப்பாற்றினாள், எதற்காக அழுதாள், எதை இழந்தாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு வீட்டிலுள்ள பெரியோரிடம் அவர்கள் அறிந்த கடற்சொற்களைக் கேளுங்கள். அதன்பின் பெயர் சூட்டுங்கள். 'இப்பெயர் ஏன்?' என்று எவரேனும் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்க வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. 'மணிமேகலை' என்னும் சொல்லில் கடல் இல்லை. ஆயினும் அது கடலை நினைவூட்டும் பெயராயிற்று. எவ்வாறு?

2. 'நட்பு', 'இழப்பு' என்று ஆசிரியர் வேறுபடுத்துவதை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.

3. உங்கள் பெயரின் பொருளையும், அப்பெயரை உங்களுக்குச் சூட்டிய காரணத்தையும் வீட்டில் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.

4. கடலில் வாழும் கற்பனை மாந்தர் மூவரைப் படைத்துப் பெயர் சூட்டுக. ஒவ்வொரு பெயருக்கும் உரிய கதையை இரண்டு வரிகளில் கூறுக.