பயத்தை விற்கும் சந்தை

 

"கையில் ஒரு சாமான் இருந்தால்தான் நம்மைக் கண்டு நாலு பேர் பயப்படுவான்" என்ற பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நெல்பேட்டை, முனிச்சாலை டீக்கடைகளிலும் கேட்கலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பேருந்து நிலையங்களிலும் கேட்கலாம். இது ஒரு சாதிக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் சொந்தமான பேச்சல்ல. கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒரு கத்தி, வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு அரிவாள் இருந்துவிட்டால் தன்னை எவனும் அசைக்க முடியாது என்ற நினைப்பு இந்த வட்டாரத்தில் பலரையும் பிடித்து ஆட்டுகிறது.

இந்த நினைப்பு சரிதானா? ஆயுதம் வைத்திருப்பவன் உண்மையில் பாதுகாப்பாக இருக்கிறானா? அவனுடைய தொழில் வளர்ந்ததா, தேய்ந்ததா? உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம். வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கக் கற்றுத் தர வேண்டியதில்லை.

முதலில், இந்த நினைப்பைக் கடைசி எல்லை வரை கொண்டு போன நாட்டைப் பார்ப்போம். அதுதான் அமெரிக்கா!

அங்கே பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல் என்று 2018ல் வெளியான ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பீடு கூறியது. நாட்டின் மக்கள் தொகையே அதைவிடக் குறைவு. தலைக்கு ஒன்று கொடுத்தாலும் துப்பாக்கி மிஞ்சும்! "எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்று பியூ ஆய்வு மையம் 2023ல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் முக்கியமான காரணமாகச் சொன்னது தற்காப்பைத்தான். பக்கத்து வீடு பல மைல் தள்ளி இருக்கும், போலீஸ் வந்து சேர நேரமாகும் என்று சொல்லும் விவசாயி அங்கே இருக்கிறார். வேட்டைக்கு என்று சொல்பவரும் இருக்கிறார். விலைவாசி ஏறி வேலை போகும் காலத்தில் திருட்டு கூடும், பணத்தின் மதிப்பு போனாலும் துப்பாக்கியின் மதிப்பு போகாது என்று பொருளாதாரம் பேசுபவரும் இருக்கிறார். இவர்கள் அனைவரும் வெறியர்கள் அல்லர். நம்மைப் போலக் குடும்பம் நடத்துகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள்தாம்.

ஆனால் நடந்தது என்ன? 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் உயிரிழந்தவர்கள் 48,800 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் திருடனாலோ எதிரியாலோ சாகவில்லை. தம் கையாலேயே தம்மைச் சுட்டுக்கொண்டு செத்தார்கள்! திருடனுக்காக வாங்கி வைத்த துப்பாக்கி, மனம் உடைந்த ஓர் இரவில் வீட்டுக்காரனையே தின்றது. கந்துவட்டியில் நெரிபடும் வியாபாரிகள் நிறைந்த மதுரைக்கு இந்தச் செய்தி அந்நியமானதா? கடன்காரன் காலையில் வந்து நிற்பான் என்று தூக்கமின்றிப் புரளும் ஒரு மனிதனின் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதைச் சிந்தியுங்கள்.

இதில் லாபம் அடைந்தவன் யார் என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும். துப்பாக்கிச் சந்தையில் உண்மையான சரக்கு இரும்பல்ல, பயம்! 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடே அழுதது. ஆனால் இனிக் கட்டுப்பாடு வந்துவிடுமோ என்ற பயத்தில் துப்பாக்கி விற்பனை எகிறியது. 2020ல் கொரோனாவும் தெருக் கலவரமும் சேர்ந்து வந்தபோது, துப்பாக்கி வாங்கவும் உரிமம் பெறவும் வந்தவர்கள் மீதான பின்னணிச் சோதனைகள் ஏறக்குறைய 4 கோடியைத் தொட்டன. அதற்கு முன் எந்த ஆண்டும் அந்த அளவு இல்லை.

பயம் குறைந்தால்? 2016ல் துப்பாக்கிக்கு ஆதரவான டிரம்ப் ஜெயித்தார். இனித் தடை வராது என்று மக்கள் நிம்மதி அடைந்தார்கள். விற்பனை சரிந்தது. அந்தச் சரிவும் பழைய கடன் சுமையும் சேர்ந்து அழுத்த, 1816ல் தொடங்கிய ரெமிங்டன் கம்பெனி 2018 மார்ச்சில் திவால் மனு போட்டது. மக்கள் நிம்மதியாகத் தூங்கினால் எந்த வியாபாரம் படுத்துவிடுமோ, அந்த வியாபாரம் மக்களைத் தூங்க விடுமா?

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

ஆங்கிலேயன் 1878ல், லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் கொண்டு வந்தான். இந்தியன் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைக்கக் கூடாது, வெள்ளையனுக்கு விலக்கு உண்டு என்பதே அதன் லட்சணம். அது அநியாயம் என்று நம் தலைவர்கள் போராடினார்கள். விடுதலைக்குப் பின் 1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. நிறபேதம் போனது. ஆனால் அமெரிக்காவைப் போலத் துப்பாக்கி என்பது குடிமகனின் உரிமையாக இங்கே ஆகவில்லை. அரசு தகுதி பார்த்துத் தரும் அனுமதியாகவே இருக்கிறது. 2019ல் செய்த திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கான தண்டனையைக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு என்று உயர்த்தியது.

உரிமம் வாங்கியவர் நிலையாவது நிம்மதியா? ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடையாய் நடந்து வாங்கிய துப்பாக்கியை, தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் கொண்டு போய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியிருக்கிறது. ஊரில் பதற்றம் கூடும் காலத்தில் அவருடைய துப்பாக்கி போலீஸ் அலமாரியில் தூங்குகிறது! காட்டுப்பன்றி நிலக்கடலையை அழிக்கிறது என்று கதறும் மலையடிவாரத்து விவசாயியின் தேவை வேறு. கடைவீதி வியாபாரியின் கதை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் பகுதியில் பெரிய பிரச்சினை துப்பாக்கி அல்ல, அரிவாள். மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி. லாரியின் ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து அரிவாளாக்கும் கொல்லர்களின் ஊர். தேங்காய் வெட்ட, கருவேல மரம் வெட்ட, கறி வெட்ட, கருப்பசாமி கோயில் நேர்த்திக்கடனுக்கு என்று அந்தப் பட்டறைகளில் பலவகை அரிவாள் அடிக்கிறார்கள். உலையின் சூட்டில் வேகும் அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த பெயர் என்ன? சினிமாக்காரன் அந்த ஊர்ப் பெயரை வெட்டுக்குத்துக்கு விளம்பரமாக்கினான். 2021 செப்டம்பரில் காவல்துறை தமிழகம் முழுவதும் ரவுடிகள் வேட்டை நடத்தியது. அதோடு, அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், எதற்கு வாங்குகிறார் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும், முன்பின் தெரியாதவருக்கு விற்கக் கூடாது என்று பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. வெட்டியவன் எங்கோ ஓடிவிட்டான். பதில் சொல்ல நிற்பவன் கொல்லன்! ஆயுதம் யாருடைய பொருளாதாரத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் சமுதாயத்தில் கறிக்கடை வைத்திருப்பவர்கள் அதிகம். கத்தி அவர்களுடைய சோறு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்ட கருவிகளை ஆயுதச் சட்டத்தின் விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. மற்றபடி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. கடையில் வெட்டுமேடையில் இருக்கும் கத்திக்குக் காரணம் சொல்லலாம். நள்ளிரவில் வண்டியில் இருக்கும் அதே கத்திக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

இளைஞர்களே! இப்போது உங்கள் கணக்கு.

ஒரு வழக்கு பதிவானால் ஜாமீன், வக்கீல், வாய்தா என்று போகும் பணத்தையும் நாட்களையும் விடுங்கள். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கினால்தான் வழி பிறக்கும். வளைகுடா வேலைக்கும் காவல்துறையின் நற்சான்று கேட்கிறார்கள். தங்கையின் திருமணத்துக்கும் தகப்பனின் கடனுக்கும் உங்கள் பயணத்தை நம்பியிருக்கும் குடும்பம் என்ன ஆகும்? பெயர் ரவுடிப் பட்டியலில் ஏறிவிட்டால் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஊர்வலத்துக்கும் முன்பு வீட்டுக்கதவு தட்டப்படும். 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் சிக்கினால் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே இருக்க நேரும். ஒரு அரிவாளின் விலை சில நூறு ரூபாய் என்று நினைக்கிறீர்கள். அதன் முழு விலை இதுதான்!

"அப்படியானால் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டுமா? 1997 மறந்துவிட்டதா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. மன்னிக்க முடியாத அநியாயம் அது. ஆனால் அடுத்து நடந்ததையும் மறக்கக் கூடாது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. கடைக்கு வந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள் செத்தார்கள். அதுவும் மன்னிக்க முடியாத அநியாயமே. அதனால் எரிந்த கடையில் ஒன்றாவது திரும்ப எழுந்ததா? இறந்த 18 பேரில் ஒருவருக்காவது நீதி கிடைத்ததா? பாதிக்கப்பட்டவர்களுக்காக நியாயம் கேட்டுக்கொண்டிருந்த குரலும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது. இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்தார்கள். எத்தனையோ தாய்மார்கள் சிறைவாசலில் முதுமை அடைந்தார்கள்.

அடித்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவைதாம். தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை என்பவை அதன் எல்லைகள். தடுப்பது தற்காப்பு. தேடிப் போய் வெட்டுவது தற்காப்பல்ல. இந்த வேறுபாடு தெரியாத வீரம், வீரமல்ல.

நம் மார்க்கமும் இதில் மௌனமாக இல்லை. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு நடப்பவர், யார் மீதும் பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஆயுதம் சாதாரணமாகப் புழங்கிய அரபு நாட்டிலேயே கடைவீதிக்கு இந்த ஒழுங்கு! கடைவீதி என்பது யாரும் பயமின்றி வந்து போகும் இடமாக இருக்க வேண்டும். தெற்குமாசி வீதிக்கு மூன்று மதத்தாரும் வருவதால்தான் அங்கே வியாபாரம் நடக்கிறது. ஒரு தெருவில் வெட்டுக்குத்து நடந்துவிட்டால் குடும்பத்தோடு வரும் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவரைத் திரும்ப அழைத்து வர எந்த அரிவாளாலும் முடியாது.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளும் வணிகர்களும் செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லா சமூகத்து வியாபாரிகளும் இருக்கும் சங்கத்தில் சேருங்கள். சந்தா கட்டுவதோடு நில்லாமல் கூட்டத்துக்குப் போங்கள். பதற்றமான நாளில் உங்கள் கடைக்கு முன் நிற்கப்போவது பக்கத்துக் கடைக்காரர்தான். மிரட்டல் வந்தால் எழுதிக் கொடுங்கள், மனு ரசீது கேட்டு வாங்குங்கள். கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காவல் நிலையம் மறுத்தால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். காப்பீடு பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எடுத்திருப்பவர்கள் அதில் கலவரச் சேதமும் அடங்குகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எடுக்காதவர்கள் கடைவீதிக்கு ஒரு பொதுநிதி வையுங்கள். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு வழக்கறிஞர் மாதம் ஒரு முறையாவது வந்து இளைஞர்களிடம் பேசட்டும். ஜும்ஆ மேடை அதற்கு வழிவிடட்டும்.

இளைஞர்களே! உங்கள் பயத்தைப் பணமாக்க ஒருவன் காத்திருக்கிறான். அவன் அமெரிக்காவில் கம்பெனி நடத்துகிறான். இங்கே உங்கள் தோளில் கை போட்டு "நான் இருக்கேன்டா" என்கிறான். வழக்கு வந்தால் அவன் இருக்க மாட்டான். வண்டி சீட்டைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கக் கூடாதது இருந்தால், இன்று இரவே அதற்கு ஒரு முடிவு கட்டுங்கள்.