நடுவரின் ஊதலும் நம் கூச்சலும்

'நடு' என்னும் சொல்லடியாகப் பிறந்தவை நடுவரும் நடுவுநிலைமையும். வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கூடைப்பந்துக் களத்திலோ அப்பண்பை நடுவரிடம் மட்டுமே எதிர்பார்க்கிறோம். பார்வையாளராகிய நமக்கும் அது வேண்டுமன்றோ?

களத்தைச் சுற்றி எழும் கூச்சலில் பெரும்பகுதி காழ்ப்பினால் எழுவதன்று, விதியறியாமையால் எழுவது. சில சான்றுகள் காண்போம்.

எதிரணியின் கூடையருகே வரையறுத்த பகுதியில், பந்தைத் தன்வசம் வைத்துள்ள அணியினர் தொடர்ந்து மூன்று நொடிக்கு மேல் நிற்றலாகாது. கூடையை நோக்கி எறிந்த பந்து கையைவிட்டு அகன்றதும் அக்கணக்கு முடிந்துவிடுகிறது. ஆயினும், திரும்பி வரும் பந்துக்காக இரு அணியினரும் துள்ளும் வேளையில் "மூன்று நொடி!" என்று முழங்குகிறோம்.

ஓடிக்கொண்டே பந்தைப் பற்றுபவருக்கு, பற்றும் கணத்தில் தரையில் ஊன்றியுள்ள கால் கணக்கில் சேராது. அதன்பின் இரண்டு அடி வைக்கலாம். 2017 அக்டோபரில் பன்னாட்டு ஆட்டங்களில் நடைமுறைக்கு வந்த விதி இது. நம் கண்களோ மூன்று அடிகளை எண்ணிச் சினம் கொள்கின்றன.

முறையாகத் தன் இடத்தில் நின்று, கைகளை நேரே உயர்த்தி மேலெழும் தடுப்பாட்டக்காரர்மீது தாக்குபவர் மோதி வீழ்ந்தால், குற்றம் தடுத்தவருடையதன்று. வீழ்ந்தவர் பக்கமே நியாயம் எனக் கொள்வது இரக்கமாகலாம், நீதியாகாது.

நடுவர் தவறவே மாட்டாரோ எனின், தவறக்கூடும். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் கடைசி மூன்று நொடிகள் மீண்டும் ஆடப்பெற்று, சோவியத் அணி 51–50 என வென்றது. அமெரிக்க அணி முறையீடு செய்தது; அது ஏற்கப்படாதபோது வெள்ளிப் பதக்கத்தைப் பெற மறுத்தது. அத்துணைப் பெரிய மனக்குறைக்கும் முறையீடு என்றொரு வழி இருந்தது. வசைமொழி அவ்வழிகளுள் ஒன்றன்று.

கூச்சலின் கேடு நடுவரோடு முடிவதில்லை. தோல்விக்குப் பிறரையே காரணம் காட்டும் பழக்கத்தை இளம் வீரர் நம்மிடமிருந்தே கற்கிறார். இழிசொல் கேட்டு மனம் சலித்த நடுவர் ஊதலைக் கீழே வைத்துவிட்டால், ஆட்டம்தான் ஏது?

ஆதலின், போட்டி தொடங்குமுன் உடற்கல்வி ஆசிரியர் பத்து நிமிடம் விதிகளை விளக்கட்டும். அறிவிப்புப் பலகையிலும் அவற்றைத் தமிழில் எழுதிவைப்போம். அறிந்தபின் ஐயம் எழுந்தால் அணித்தலைவர் பணிவுடன் வினவட்டும். கைதட்டுவதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. தீர்ப்பு வழங்கும் பொறுப்பை, விதியைக் கற்றவரிடமே விட்டுவைப்போம்.