ஓய்விலும் உழைக்கும் நரம்பு

நரம்பு தந்திக்கம்பி போன்றதென மாணவர் பலர் விடைத்தாளில் எழுதுகின்றனர். நாமும் அவ்வாறெழுதித் தேறியவர்களே! ஆயினும் நரம்பிலே ஒவ்வோர் இடமும் தனக்குரிய மின்னைப் புதிதாகப் பிறப்பிக்கின்றது.

இதனைத் தெளிவுறக் காட்டியது கணவாய் இனமொன்று. (மரக்கறி உண்போர் பொறுத்தருள்க.) அதற்கு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடித்த நரம்பிழையொன்றுண்டு. 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரிலே ஹொட்ச்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் அதனுள் நுண்ணிய கண்ணாடிக்குழாயைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தனர். சில வாரங்களில் யுத்தம் மூண்டது. முழுவிளக்கம் 1952இலேயே வெளிவந்தது.

நரம்புக்கலத்தினுள் பொற்றாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. ஓய்வுநிலையில் மென்சவ்வு பொற்றாசிய அயன்களையே எளிதிற் கசியவிடும். நேரேற்றமுடைய அவை வெளியேறுவதால் உட்புறம், வெளிப்புறத்தினும் ஏறத்தாழ 70 மில்லிவோற்று தாழ்ந்து நிற்கும். தூண்டல் வந்ததும் சோடிய வாயில்கள் திறக்கின்றன; சோடியம் உட்பாய, உட்புறம் நேரேற்றமாகிறது. அம்மாற்றமே அயலிலுள்ள வாயில்களையும் திறப்பிக்கிறது. பின்னாலேயே பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கிறது. ஓரிடத்தில் இவையனைத்தும் நிகழச் செல்வது செக்கனின் ஆயிரத்திலோரிரு பங்கே!

இங்கு மாணவர் வழுக்குமிடம் ஒன்றுண்டு. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பியே அந்நிலையை மீட்பதாக எழுதுவர். அன்று. ஒரு கணத்தாக்கத்திற் கடக்கும் அயன்கள் மிகச் சொற்பம். நஞ்சூட்டிப் பம்பியை நிறுத்தினும் அப்பெரிய நரம்பிழை நெடுநேரம் செய்தி கடத்தும். பம்பியோ, ஒழுகும் தோணியில் நீர் இறைப்பவனைப்போலக் கசிவுகளை ஓயாது ஈடுசெய்கிறது. நாம் வாளாவிருக்கையில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கை மூளை கொள்கிறதெனின், அதிற் பெரும்பகுதி இவ்விறைப்புக்கே.