உழைப்பவருக்கு நான்கு மடங்கு: போர்ச்சுகலின் தொலைப்பணி விசா

வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ வேலை செய்துகொண்டு போர்ச்சுகலில் குடியிருக்க விரும்புகிறவருக்கு அந்நாடு வைத்திருக்கும் விசாவின் பெயர் டி8. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கு இது தேவையில்லை. இந்தியா, இலங்கை, அமெரிக்கா, பிரேசில் போன்ற பிற நாட்டவருக்கானது. 2007ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டபோது இது உருவானது. அந்த ஆண்டு அக்டோபர் 30 முதல் விண்ணப்பங்கள் வாங்கப்பட்டன. ‘டிஜிட்டல் நாடோடி விசா’ என்று ஊர் முழுக்க அழைக்கப்படும் இந்த ஒரு பெயருக்குள் இரண்டு விசாக்கள் உள்ளன. ஒன்று, ஓராண்டு வரை தங்கிவிட்டுத் திரும்புவதற்கான தற்காலிகத் தங்கல் விசா. மற்றொன்று, குடியிருப்பு அனுமதிக்கு இட்டுச்செல்லும் குடியிருப்பு விசா. விண்ணப்பிக்கும்போதே எது வேண்டும் என்று தீர்மானித்துவிட வேண்டும். பின்னால் குடியுரிமை வரை போகும் எண்ணம் இருப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் வழி தவறியவராகிறார்.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை வருமானம். விண்ணப்பத்துக்கு முந்தைய 3 மாதங்களின் சராசரி வருமானம், போர்ச்சுகலின் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். 2022இல் அந்த ஊதியம் 705 யூரோ. ஆகவே வரம்பு 2,820. குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுதோறும் ஏறியது. 2025இல் 870 ஆகி, 2026இல் 920 ஆனது. வரம்பும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 3,680 யூரோவுக்கு வந்து நிற்கிறது. விசா தொடங்கியபோது தகுதி பெற்றிருந்த ஒருவர், வருமானம் மாறாமலே இன்று தகுதி இழந்திருக்கக்கூடும். நாட்டின் ஏழைத் தொழிலாளியைக் காக்க உயர்த்தப்படும் ஒரு தொகை, வெளியிலிருந்து வருபவருக்குக் கதவின் உயரத்தையும் கூட்டிக்கொண்டே போகிறது.

டி8க்குப் பக்கத்திலேயே அதைவிடப் பழைய டி7 இருக்கிறது. ஓய்வூதியம், வீட்டு வாடகை, பங்கு ஈவுத்தொகை, காப்புரிமைத் தொகை என்று சும்மா இருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கானது அது. அதற்குக் கேட்கப்படுவது ஒரே ஒரு குறைந்தபட்ச ஊதியம். 2026 கணக்கில் விண்ணப்பதாரருக்கு மாதம் 920 யூரோ, உடன் வரும் துணைக்கு அதில் பாதி, குழந்தைக்கு 30 விழுக்காடு. ஒரே நாட்டில், ஒரே தெருவில் குடியேற வரும் இருவரில் வாடகை வாங்குகிறவருக்கு 920 போதும். உழைத்துச் சம்பாதிப்பவர் 3,680 காட்ட வேண்டும்.

இந்த இடைவெளிக்கு நியாயம் சொல்ல முடியாமல் இல்லை. ஓய்வூதியம் நின்றுபோவது அரிது. ஃப்ரீலான்சரின் வருமானம் ஒரு மின்னஞ்சலில் அறுந்துபோகும். ஆனால் அந்த அபாயத்துக்கு ஈடாகச் சேமிப்பையோ நீண்டகால ஒப்பந்தத்தையோ கேட்டிருக்கலாம். நான்கு மடங்கு என்ற எண் அபாயத்தை அளப்பதாகத் தெரியவில்லை. யார் வேண்டும், யார் வேண்டாம் என்று பிரிக்கும் சல்லடையாகவே அது இருக்கிறது. ஒரு மனிதர் மாதம் வாழ 920 யூரோ போதும் என்று தன் சொந்தத் தொழிலாளிக்குச் சட்டம் போட்ட அரசு, வெளியிலிருந்து வரும் உழைப்பாளிக்கு அது போதாது என்கிறது. 2022க்கு முன்பு தொலைதூர வேலைச் சம்பளத்தைக் காட்டியே பலர் டி7 பெற்றார்கள். டி8 வந்தபின் அந்தச் சந்து அடைபட்டது. இரண்டாயிரம் யூரோ சம்பாதிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் இந்த மாற்றத்தால் கிடைத்தது எதுவுமில்லை; இருந்த வழியும் போயிற்று.

மூன்றாவதாக டி2 இருக்கிறது. போர்ச்சுகலிலேயே தொழில் தொடங்குகிறவர்களும், உள்ளூர் வாடிக்கையாளரோடு சேவை ஒப்பந்தம் வைத்திருக்கும் சுயதொழிலாளர்களும் இதில் வருகிறார்கள். வருமான வரம்பு டி8 போல உயரமில்லை. பதிலுக்குத் தொழில் திட்டமும் ஒப்பந்தமும் தூதரகத்தை நம்பவைக்க வேண்டும். லிஸ்பனில் ஓரிரு வாடிக்கையாளர்களை ஏற்கெனவே பிடித்துவிட்ட ஃப்ரீலான்சருக்கு டி8ஐ விட இது பொருத்தமாக அமையலாம். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

விண்ணப்பம் தூதரகத்தில் தொடங்குகிறது. சுற்றுலா விசாவில் போய் இறங்கி, வேலையைக் காட்டி, அங்கேயே குடியிருப்பு அனுமதி கேட்கும் ஒரு நடைமுறை போர்ச்சுகலில் நெடுநாள் இருந்தது. 2024 ஜூனில் அது நிறுத்தப்பட்டது. ஆகவே இந்தியாவில் வசிப்பவர் இந்தியாவிலிருந்தபடியே விசா வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். சம்பளக்காரர் பணி ஒப்பந்தத்தையும், வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனம் தரும் ஒப்புதல் கடிதத்தையும் காட்டுகிறார். ஃப்ரீலான்சர் வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், விலைப்பட்டியல்கள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கொண்டு தன் வருமானத்தை நிறுவ வேண்டும். எந்த நாட்டில் வரி செலுத்துகிறார் என்பதற்கான சான்று, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, பயணக் காப்பீடு எல்லோருக்கும் பொது. இந்த நிறுவன ஒப்புதல் கடிதத்தில்தான் பல சம்பளக்காரர்களின் திட்டம் முடிந்துபோகிறது. ஊழியர் வேறொரு நாட்டில் நிரந்தரமாக உட்கார்ந்தால், அந்த நாட்டில் தனக்கும் வரிப் பொறுப்பு வந்துவிடுமோ என்று நிறுவனங்களின் கணக்குத் துறைகள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் ஆதாரமற்றதும் அல்ல.

தாள்களிலேயே கடினமானது வீட்டு ஒப்பந்தம். போகுமுன்பே தங்குமிடத்தைக் காட்ட வேண்டும்; குடியிருப்பு விசாவுக்குப் பெரும்பாலும் ஓராண்டு வாடகை ஒப்பந்தம் எதிர்பார்க்கப்படுகிறது. விசா கிடைக்குமா என்று தெரியாத நிலையில், பார்த்திராத வீட்டுக்கு, முன்பணம் கொடுத்து, ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் போட ‘நிஃப்’ என்னும் வரி எண் வேண்டும். வரி எண் வாங்க, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர் அங்கே ஒரு பிரதிநிதியை வைக்க வேண்டும், அல்லது மின்னணு அறிவிப்பு முறையில் சேர வேண்டும். விசா மறுக்கப்பட்டால் கொடுத்த முன்பணத்துக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டம் தொடவில்லை. விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் செல்லாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது விண்ணப்பதாரரின் கையில் இருக்கும் ஒரே காப்பு.

குடியிருப்பு விசா 4 மாதம் செல்லும். இருமுறை நாட்டுக்குள் நுழையலாம். அந்த அவகாசத்துக்குள் ‘ஐமா’ என்னும் குடியேற்ற முகமையில் நேரில் ஆஜராகி 2 ஆண்டுக்கான குடியிருப்பு அனுமதி பெற வேண்டும். அது பிறகு மும்மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். முன்பு எல்லைக் காவலையும் குடியேற்றத்தையும் சேர்த்துக் கவனித்த ‘செஃப்’ 2023 அக்டோபரில் கலைக்கப்பட்டு, அதன் நிர்வாகப் பணி ஐமாவுக்கு வந்தது. கூடவே முடிக்காத கோப்புகளும் வந்தன. 2024இல் தேங்கிக்கிடந்தவை சுமார் 4 லட்சம் என்று அரசே ஒப்புக்கொண்டு, அவற்றைத் தீர்க்கத் தனிப் பணிக்குழு அமைத்தது. விசா முறையாகக் கையில் இருந்தும், காலம் கடந்த குடியிருப்பு அட்டையோடு, ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களா என்ற கவலையில் பெற்றோரின் காரியங்களுக்குக்கூடப் போகாமல் இருந்தவர்கள் உண்டு. வருமான வரம்பைக் காசு சுத்தமாகக் கணக்கிடத் தெரிந்த அரசுக்கு, வாங்கிய கட்டணத்துக்கு உரிய அட்டையை நேரத்தில் தரும் கடமை இருக்கிறது.

அனுமதி கிடைத்தவர் நினைத்தபடி ஊர் சுற்றவும் முடியாது. அனுமதிக் காலத்துக்குள் தொடர்ந்து 6 மாதமோ, விட்டுவிட்டு மொத்தம் 8 மாதமோ தக்க காரணமின்றி நாட்டுக்கு வெளியே இருந்தால் அனுமதி ரத்தாகலாம். மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம். ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான், அங்கே தங்கி வேலை செய்யும் உரிமையும் கிடையாது. நீண்டகால விசா அந்தந்த நாட்டின் தனி அதிகாரம். ‘ஐரோப்பிய விசா’ என்று ஒன்று இந்த வகையில் இல்லை. நாடோடி என்று ஊர் பெயர் வைத்தாலும், சட்டம் எதிர்பார்ப்பது குடித்தனக்காரரை.

ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்குபவர், வரிக் கணக்குக்குப் போர்ச்சுகலில் வசிப்பவராகிறார். உலகின் எந்த மூலையில் சம்பாதித்த வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். வரி படிப்படியாக ஏறி 48 விழுக்காடு வரை போகிறது. 2009 முதல் புதியவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது: பட்டியலிட்ட தொழில்களுக்குப் பத்தாண்டு காலம் நேராக 20 விழுக்காடு வரி. போர்ச்சுகலின் புகழைத் தொலைப்பணியாளர்களிடையே பரப்பியதில் இந்தச் சலுகைக்குப் பெரும் பங்குண்டு. 2024 வரவுசெலவுச் சட்டம் புதியவர்களுக்கு அதை மூடியது. பதிலாக வந்த திட்டம் ஆராய்ச்சி, புத்தாக்கத் துறைகளைச் சுற்றி வரையப்பட்டது. சாதாரண ஃப்ரீலான்சர் அதற்குள் நுழைவது கடினம். பழைய சலுகையை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சுயதொழிலாளர் வாடிக்கையாளருக்குத் தரும் மின்னணு ரசீதுக்கு, முன்பு அச்சிட்ட தாளின் நிறத்தால், இன்றும் ‘பச்சை ரசீது’ என்றே பெயர். ஆண்டு வருமானம் 2 லட்சம் யூரோவுக்குள் இருப்பவர் எளிமைப்படுத்திய கணக்குமுறையில் சேரலாம். தொழில்முறைச் சேவை என்றால், செலவு விதிகளுக்கு உட்பட்டு, வருமானத்தின் 75 விழுக்காடு மட்டுமே வரிக்கு உரியதாகக் கொள்ளப்படும். மாதம் 4,000 யூரோ வாங்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் 48,000. வரி கணக்கிடப்படுவது 36,000க்கு. சமூகப் பாதுகாப்புச் சந்தா இதற்குத் தனி. சேவை வருமானத்தில் 70 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு அதில் 21.4 விழுக்காடு, அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. அதே 4,000க்கு மாதம் சுமார் 600 யூரோ. முதன்முதலாகத் தொழில் தொடங்குபவருக்கு முதல் 12 மாதம் விலக்கு உண்டு. பதின்மூன்றாம் மாதம் சந்தா திடீரென வந்து நிற்கும். இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே 2017 முதல் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை நடப்பில் இருப்பதால், இந்திய நிறுவனமே அனுப்பிவைக்கும் ஊழியருக்கு இரட்டைச் சந்தாவைத் தவிர்க்க வழி இருக்கிறது. தானே கிளம்பிப் போகும் ஃப்ரீலான்சருக்கு அது பெரிதாக உதவாது.

அண்டை நாடான ஸ்பெயின் 2022 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் வழியே இதே போன்ற விசாவைத் தந்தது. அங்கே வரம்பு குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரு மடங்குதான். ஆனால் பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ வேண்டும். நிறுவனத்தோடு குறைந்தது 3 மாதத் தொடர்பு வேண்டும். ஃப்ரீலான்சரின் வேலையில் ஸ்பானிய வாடிக்கையாளர் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முறையாக நாட்டுக்குள் வந்தவர் அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கலாம் என்பது போர்ச்சுகலில் இல்லாத வசதி. ஜெர்மனி நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. அங்கே ஃப்ரீலான்சருக்கான அனுமதிக்கு உள்ளூர் வாடிக்கையாளர்களின் விருப்பக் கடிதங்கள் வலு சேர்க்கின்றன. 45 வயது கடந்தவர் முதுமைக்கால ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். வெளியே சம்பாதித்து இங்கே செலவழி என்கின்றன ஐபீரிய நாடுகள். இங்கே உன் வேலை தேவைப்படுகிறதா என்று கேட்கிறது ஜெர்மனி. 2020 ஆகஸ்டில் முந்திக்கொண்டு நாடோடி விசா தந்த எஸ்டோனியா ஓராண்டோடு நிறுத்திக்கொள்கிறது. அதன் புகழ்பெற்ற மின்-வதிவு அட்டையால் நிறுவனம் தொடங்கலாம், குடியிருக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெளியே சம்பாதித்து இங்கே செலவழிப்பதன் விலையை உள்ளூர்க்காரர் வாடகையில் கொடுக்கிறார். 2021 பிப்ரவரியில் போர்ச்சுகலின் மதேரா தீவிலுள்ள பொன்டா டோ சோல் என்ற சிற்றூர், அமெரிக்க எழுத்தாளர் ஜான் டாஸ் பாசோஸின் பெயர் தாங்கிய பண்பாட்டு மையத்தில் மேசையும் இணையமும் இலவசமாகக் கொடுத்துத் தொலைப்பணியாளர்களை வரவேற்றது. அவருடைய தாத்தா அந்த ஊர்க்காரர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர். இரண்டே ஆண்டில், 2023 ஏப்ரல் 1 அன்று, வாழ வீடு கேட்டு லிஸ்பனிலும் பிற நகரங்களிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சுற்றுலா வாடகை வீடுகள், முதலீட்டாளர்கள், போதாத புதுக் கட்டுமானம் என்று காரணங்கள் பல. தொலைப்பணியாளரின் வருகை அவற்றில் ஒன்று மட்டுமே. ஆனாலும் நான்கு மடங்கு வருமானம் உள்ளவரை மட்டும் சலித்து எடுத்து, ஒரு மடங்குக்காரர் வாடகை கொடுக்கும் தெருவில் கொண்டுவந்து விடும் சட்டம், அந்த மோதலைத் தானே வரைந்து வைத்திருக்கிறது. வரம்பு தாழ்ந்திருந்தால் வருகிறவருக்கும் இருக்கிறவருக்கும் இடையிலான தூரமும் குறைந்திருக்கும். அந்த ஆண்டு அக்டோபரில் வீடு வாங்கி ‘தங்க விசா’ (கோல்டன் விசா) பெறும் முதலீட்டு வழியை அரசு மூடியது; டி8ஐத் தொடவில்லை.

குடும்பத்தோடு போக நினைப்பவர் 2025 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தத்தைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தினரைப் பின்னர் வரவழைக்க, பொதுவிதியாக, முறையான குடியிருப்பில் 2 ஆண்டு கழிந்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் உட்படச் சிலருக்கு விலக்கும் தளர்வும் உண்டு. ஐந்தாண்டு குடியிருந்தவர் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். அடிப்படை அளவில் போர்ச்சுகீசிய மொழி தெரிந்திருக்க வேண்டும். குடியுரிமைக்கும் அதே ஐந்தாண்டாக இருந்தது பலரை இந்த நாட்டுக்கு இழுத்த காரணம். அந்தக் காலத்தைப் பெரும்பாலான வெளிநாட்டவருக்குப் பத்தாண்டாகவும், போர்ச்சுகீசியம் பேசும் நாட்டவருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கும் ஏழாண்டாகவும் உயர்த்தும் திருத்தத்துக்கு 2025 அக்டோபரில் நாடாளுமன்றம் வாக்களித்தது. டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை ஏற்க மறுத்தது.