எங்கள் கண்ணீருக்கும் வரி

கல்கத்தா இருட்டறையில் நவாபின் ஆட்கள் அடைத்தது எத்தனை கும்பினிக்காரர்களை? 146. உயிரோடு வந்தவர்கள்? 23. தேதி? 1756 ஜூன் 20. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சொல்லாவிட்டால் பிரம்பு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் உளறினால் வாத்தியார் பிழைப்புக்கே ஆபத்து. அந்தக் கணக்கை எழுதிவைத்தவர் ஹால்வெல் துரை. அதை நம்புவதற்கில்லை என்று லிட்டில் என்கிற வெள்ளைக்காரரே 1915இல் எழுதிவிட்டார். எங்கள் பாடப்புத்தகத்துக்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரவேயில்லை. இப்போது என் மகன் அதையே ஒப்பிக்கிறான்.

டேய், போத்தனூர் உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? 1921 நவம்பரில் திரூரில் மலபார் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக் கைதிகள் நூறு பேர் அளவில் கூட்ஸ் பெட்டிக்குள் திணித்துப் பூட்டப்பட்டார்கள். காற்று நுழைய வழியில்லை. போத்தனூரில் கதவைத் திறந்தால் ஒருவர்மேல் ஒருவராகப் பிணம். பிறகு பிழைக்காமல் போனவர்களையும் சேர்த்தால் 70 பேர் வரை. அவர்களும் மூச்சுமுட்டித்தான் செத்தார்கள். அவர்கள் கிடந்ததும் இருட்டறைதான். கல்கத்தாவில் செத்தவர்களுக்கு வைஸ்ராய் கர்சன் 1902இல் பளிங்குத் தூண் நட்டார். போத்தனூரில் செத்தவனுக்கு உன் சரித்திரத்தில் ஒரு வரி உண்டா? முகம் தெரியாத கும்பினிக்காரனுக்காகக் கண்கலங்கப் பழக்கினார்களே எங்களை! பக்கத்து ஸ்டேஷனில் பிணம் இறக்கிய மறுநாளும் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இருட்டறைப் பாடத்தைத்தானே கத்தினோம்!

என் தகப்பனார் தலைமுறைக்கு வேறொரு புத்தகம். பம்பாயில் உத்தியோகம் பார்த்த லீ-வார்னர் துரை பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே எழுதிய 'தி சிட்டிசன் ஆஃப் இந்தியா'. ரயில் தந்தோம், தபால் தந்தோம், கால்வாய் தந்தோம், பஞ்சம் வந்தால் காப்பாற்றுகிறோம் என்கிற புராணம். வெளிவந்த வருஷம் 1897. அப்போதும் தேசத்தில் பஞ்சம்தான். அச்சுக்கோத்தவன் சாப்பிட்டானோ என்னவோ.

என் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவள். நிவாரண வேலைக்குப் போன ஆண்பிள்ளைக்கே நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்தான் கூலி என்று டெம்பிள் துரை நிர்ணயித்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. அதே சமயம், 1877 ஜனவரி 1ஆம் தேதி, வைஸ்ராய் லிட்டன் டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று பறைசாற்றினார். தர்பாரைப் பாடமாக வைத்தார்கள், படம்கூடப் போட்டார்கள். ஐம்பது லட்சத்துக்கு மேல் செத்தது பாடமில்லை. சென்னைப் பட்டணத்தில் அந்தப் பஞ்சத்துக் கூலிகள் பட்டினி வயிற்றோடு வெட்டிய கால்வாய்க்கு யார் பெயர்? கவர்னர் பக்கிங்ஹாம் பெயர்! மண் சுமந்தவள் பெயரையா கேட்கிறீர்கள்?

பாட்டி சொன்னதைப் பரீட்சையில் எழுதினால் சுழி. லீ-வார்னர் சொன்னதை எழுதினால் பாஸ். பாஸானால்தான் குமாஸ்தா நாற்காலி. இப்படித்தான் ஐயா எங்கள் வீட்டிலேயே பாட்டியைப் பொய்க்காரியாக்கினார்கள். பாடம் படித்த பிள்ளைகள் அவள் பேச்செடுத்தாலே சிரித்தோம்.

துரைமாரே, உப்புக்கு வரி கேட்டீர்கள், கொடுத்தோம். நிலத்துக்குக் கேட்டீர்கள், கொடுத்தோம். எங்கள் பிள்ளைகளின் அழுகையையும் உங்கள் கல்லறைக்கே கட்டச் சொல்கிறீர்களே, அதற்கும் பள்ளிக்கூடச் சம்பளம் என்று மாதாமாதம் என்னிடமே வசூல் செய்கிறீர்களே! இந்த மாதச் சம்பளம் இன்னும் கட்டவில்லை. கட்டாவிட்டால் மகன் பெயரை அடித்துவிடுவார்களாம். அடிக்கட்டும்!